நல்ல இடம்

"வெயிலே இல்லாத ஊர்ல சோலார் வெச்சிக்கினு என்னா தம்பி பண்றாங்க? எனக்குப் புரியலியே!"

முருகையன் இப்படிக் கேட்டதும் மணிமாறனுக்குப் பகீரென்றது. ஆரம்பித்துவிட்டாரே!

ஜெர்மனியில் ஒரு சோலார் கம்பெனியில் இன்ஜினியர் வேலை. ஆளும் பார்க்க மோசமில்லை. ஆனாலும் ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் இந்த ஒரு கேள்வியில் தட்டிப்போயிருந்தன. 'பனி கொட்டற ஊர்ல சோலார் ஓடுமா? இன்னைக்கோ நாளைக்கோ கம்பெனிய மூடிடுவான்' என்று பெண்ணைப் பெற்றவர்கள் நழுவிவிட்டார்கள். இந்த முறை அப்படி ஆகிவிடக் கூடாது. போட்டோவில் பார்த்த நாளிலிருந்து வெண்ணிலா அவன் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தாள்.

முதலில் பேச்சை முடித்துவிட்டு, அப்புறம் அம்மாவை அழைத்து வரலாம் என்று தாய்மாமன் நடராசனோடு திண்டிவனத்திலிருந்து கிளம்பி வந்திருந்தான். அனந்தபுரம் கடைத்தெருவில் முருகையன் வீடு எது என்று கேட்டதும் கை காட்டினார்கள். "எடம் விஷயமா வந்திருக்கோங்க. பையன் ஜெர்மனி சோலார் கம்பெனியில இன்ஜினியர்" என்று மாமா வாசலில் சொன்னதுதான் தாமதம், "வாங்க, வாங்க! உங்களத்தான் எதிர்பாத்துக்கினு இருக்கேன்" என்று முருகையன் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பழப்பையைக் கூச்சத்தோடு வாங்கிக்கொண்டார். மனுஷர் தங்கம். ஆனால் கேள்வி கேட்கிற தங்கம்.

"பிளேட்டுக்கு வெயில் வேணாங்க, வெளிச்சம் இருந்தா போதும்" என்று மணிமாறன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "சொல்லப்போனா சூடு அதுக்கு ஆவாது. குளிர்ல நல்லா வேலை செய்யும்."

"மூட்டம் போட்டுக்கினா?"

"கொறையும். ஆனா நின்னுடாது."

"பனி கொட்டறப்போ?"

பொய் சொல்லிப் பெண் கேட்க அவனுக்கு மனம் வரவில்லை. "டிசம்பர்ல பேருக்குத்தாங்க வரும். அப்ப காற்றாலை கரண்ட வெச்சு ஓட்டிக்குவாங்க. கோடையில ராத்திரி ஒம்போது மணிக்குக்கூட வெளிச்சம் இருக்கும். அப்ப எல்லாத்துக்கும் ஈடு கட்டிடும்."

"அவ்ளோ நெலத்த அடைச்சிக்கினு பிளேட்டு வெச்சா ஆடு மாடு என்னா துன்னும்?"

"பிளேட்டுக்குக் கீழயே ஆடு மேயுதுங்க."

"நெழலுக்கு நெழலு, தீனிக்குத் தீனி! அந்த ஊர்ல ஆடா பொறந்திருக்கலாம்" என்று முருகையன் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

சமையலறையில் வளையல் சத்தம் கேட்டது. மணிமாறனின் கழுத்து தானாகத் திரும்பியது. வந்தவள் முருகையனின் மனைவி தையல்நாயகி. அவித்த வேர்க்கடலையை வைத்து, "மல்லாட்டை துன்னுங்க" என்றுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"அதே பிளேட்ட நம்மூர்ல வெச்சா?"

"ஒண்ணர மடங்கு வருங்க."

முருகையனின் முகம் மலர்ந்தது. "அப்புறம் எதுக்கு அங்க வெக்கறான்? எல்லாத்தையும் இங்கியே வெச்சிட வேண்டியதுதானே?"

"இங்க எடுக்கற கரண்ட அவ்ளோ தூரம் எப்படிங்க கொண்டுபோறது? பிளேட்டு வெலயும் நல்லா எறங்கிடுச்சு. கம்மி வெளிச்சத்துலயும் கட்டுப்படி ஆவுது."

"அவன் ஊர்ல வெளையறத அவன் துன்றான்னு சொல்லுங்க."

"அதேதாங்க!"

மாமா மணிமாறனின் முழங்காலைக் கிள்ளினார். காரியம் பழம்தான்.

ஆனால் முருகையன் விடுவதாக இல்லை. "எல்லாஞ்சரி தம்பி. நாளைக்கு நீங்க பாட்டுக்குப் பாதியில உட்டுட்டுப் போயிட்டா, நான் யார்கிட்ட போயி நிக்கறது?"

மணிமாறன் நாற்காலியின் நுனிக்கு வந்தான். எப்பேர்ப்பட்ட பாசம்! "சத்தியமா உடமாட்டேங்க. என்னை நம்பிக் குடுங்க. கண்ணு மாதிரி பாத்துக்கறேன்."

"சொந்தக்காரங்க எத்தினியோ பேரு கேட்டுப் பாத்தாங்க. யாருக்கும் குடுக்கல. உசுரா வெச்சிருக்கேன்" என்று முருகையன் துண்டால் கண்ணை ஒற்றிக்கொண்டார்.

"பையன் இதுக்கோசரமே லீவு போட்டு ஜெர்மனியிலருந்து வந்திருக்கான்" என்று மாமா எடுத்துவிட்டார்.

"என்னாது! நம்ம எடத்துக்கோசரம் அவ்ளோ தூரத்துலருந்தா?"

"வேற எடமும் வந்துச்சுங்க. இவனுக்கு இதான் புடிச்சிருக்கு."

முருகையன் எழுந்து வந்து மணிமாறனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "எனக்கு முழு சம்மதம் தம்பி! அடியே, ஜல்தியா வடைக்கு மாவு ஆட்டு!"

மணிமாறனுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த இடத்திலேயே காலில் விழுந்திருப்பான், மாமா முந்திக்கொண்டார்.

"ரொம்ப சந்தோஷங்க. அப்ப பொண்ண ஒரு தடவ வரச் சொல்லுங்க. தம்பி பாத்துடட்டும்."

"பொண்ணா?" முருகையன் திருதிருவென விழித்தார். "எனக்கு ரெண்டும் பசங்களாச்சே! நீங்க நம்ம மல்லாட்டைக் கொல்லை நெலத்தப் பாக்க வந்த சோலார் கம்பெனிக்காரங்கதானே?"

மணிமாறன் வாயைத் திறப்பதற்குள் தையல்நாயகி செல்போனும் கையுமாக ஓடி வந்தாள்.

"ஏங்க, மேலத்தெரு முருகையண்ணன் பேசறாரு. அங்க ஒரே பேஜாரா இருக்காம், ஒடனே வரச் சொல்றாரு. வெண்ணிலாவப் பாக்க வந்த மாப்பிள்ளை, இருபத்தஞ்சு வருஷத்துக்குக் குத்தகைக்குக் குடுங்க, அப்புறம் வேணும்னா திருப்பி எடுத்துக்கங்கன்னு சொல்றாராம்!"