கேட்டு வாங்கிய ஆள்

பன்னிரண்டு வருஷம் அமெரிக்காவில் கூடைப்பந்து ஆடி ஓய்ந்த விட்லோ, முதியோர் இல்லத்து வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து நுழைந்தான். கையில், வீட்டில் எல்லோருக்கும் காட்டிக் காட்டி மூலை மடங்கிய பத்திரிகைப் படம். அணி மாறிய அன்று அவனும், கூடவே மாறிய சக ஆட்டக்காரன் கர்ட்டிஸும் புதுச் சட்டையைத் தூக்கிப் பிடித்து நிற்கிறார்கள்.

“என்னை விரும்பிக் கேட்டு வாங்கினவர் நீங்கதானே சார், ஒரு கையெழுத்து வேணும்.”

அந்தப் புது அணிக்கு அப்போது மானேஜராக இருந்த கிழவருக்கு முகம் மலர்ந்தது. “அடடே, கர்ட்டிஸா! உனக்காக ஒரு மாசம் பேரம் பேசினேன்பா. கடைசியில, இந்த நெட்டையனையும் ஓட்டிட்டுப் போனாத்தான் உன்னைத் தருவோம்னு உன் பழைய டீம்காரங்க ஒத்தைக் கால்ல நின்னாங்க. கொசுறை வேண்டாம்னா சொல்ல முடியும்?”

அவருடைய விரல் படத்திலிருந்த விட்லோவின் முகத்தைத் தட்டிக்கொண்டிருந்தது. ‘அன்புள்ள கர்ட்டிஸுக்கு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, “அவன் இருக்கானா, போயிட்டானா?” என்று கேட்டார்.

“தெரியல சார்” என்றான் விட்லோ.