நாற்பத்திரண்டு வீடுகள்

“ஏரியம்மா வந்தாச்சு சார். இன்னிக்குச் செவ்வாய்க்கிழமைதான், சந்தேகமே வேண்டாம்” என்று உதவியாளர் உள்ளறையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாளுக்கும் அது கேட்டது. கேட்காததுபோல் மடியிலிருந்த வரைபடத்தை நீவிக்கொண்டார். குடிநீர் ஆய்வகத்தில் முப்பது வருடம் தண்ணீரைச் சோதித்து ஓய்வு பெற்றவர். ஏரியைக் காப்பாற்றும் மசோதாவுக்கு ஓட்டுக் கேட்டுச் சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்கு அவர் வருவது இது பத்தொன்பதாவது வாரம். இதுவரை ஐந்து நிமிடத்துக்கு மேல் பேசக் கிடைத்ததில்லை.

உதவியாளர் தேநீரை நீட்டினார். “மனுவுல ஏரிப் பாதுகாப்புச் சங்கம்னு போட்டிருக்கு. வர்றது மட்டும் நீங்க ஒருத்தர்தான்.”

“பதினோரு பேர் இருந்தோம் தம்பி. ஒவ்வொருத்தரா நின்னுட்டாங்க. இப்போ தலைவர் நான், செயலாளர் நான். தீர்மானத்தை முன்மொழியறதும் நான், வழிமொழியறதும் நான்.”

உதவியாளர் சிரித்தார். “எதிர்த்துப் பேச ஆளில்ல. அதுவும் ஒரு வசதிதான்.”

“பேசினா நல்லாத்தான் இருக்கும்” என்றார் அவர்.

தேநீரை மெதுவாகக் குடித்தார். ஒரு வாரத்தில் அவர் கையில் இன்னொருவர் கோப்பையைக் கொடுப்பது இங்கே மட்டும்தான்.

உள்ளே கூப்பிட்டார்கள்.

உறுப்பினர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். “உக்காருங்கம்மா. வெள்ளிக்கிழமை வாக்கெடுப்பு. நான் இன்னும் முடிவு பண்ணல. கை தூக்கினா ஏரிக்குள்ள இருக்கிற நாற்பது வீடு போகும்.”

“நாற்பத்திரண்டு.”

“சரி, பட்டியல்படி நாற்பத்திரண்டு. அத்தனை பேரும் என் வாசல்லதான் வந்து நிப்பாங்க. அப்புறம் அடுத்த தேர்தல்ல நான் ஈ ஓட்ட வேண்டியதுதான்.”

அவர் வரைபடத்தை மேஜையில் விரித்தார். “இது உபரித் தண்ணி வெளியே போற வாய்க்கால் சார். இதுக்கு மேலதான் அந்த வீடுங்க நிக்குது. மூணு வருஷத்துக்கு முன்னால பெஞ்ச மழைல, தண்ணி போக வழியில்லாம இப்படித் திரும்பிச்சு.” விரல் கீழே இறங்கி ஒரு கட்டத்தில் நின்றது. “இது ஆஸ்பத்திரி. தரைத்தளத்துல மூச்சுக் கருவி வச்ச பதினாலு படுக்கை. தண்ணி உள்ள வந்ததும் கரண்ட் போச்சு.”

“தெரியும்மா. ஆறு பேர். நானும் போய்ப் பார்த்தேன்.”

“ஒன்பதாம் நம்பர் படுக்கைல என் வீட்டுக்காரர் இருந்தார்.”

கோப்போடு உள்ளே வந்த உதவியாளர் கதவருகிலேயே நின்றுவிட்டார்.

“இதை ஏம்மா இத்தனை நாளா சொல்லல?” என்று கேட்டார் உறுப்பினர்.

“சொன்னா பரிதாபப்படுவீங்க. இல்லேன்னா பழி வாங்க வந்திருக்கேன்னு நினைப்பீங்க.”

“இப்போ ரெண்டாவதுதான் தோணுது. மனசைத் தொட்டுச் சொல்லுங்க, அந்த வீட்டுக்காரங்க மேல உங்களுக்குக் கோபம் இல்லையா?”

வரைபடத்தின் ஓரம் சுருண்டுகொண்டே இருந்தது. அவர் உள்ளங்கையால் அதை அழுத்திப் பிடித்தார்.

“அந்த வீடுங்க மேல இருக்கு சார். தினம் காலைல கண்ணு முழிக்கறப்பவே இருக்கு.”

“பழி தீர்க்கறதுக்குச் சட்டம் போட முடியாதும்மா.”

“அதனாலதான் பன்னிரண்டாவது பிரிவைச் சேர்க்கச் சொல்லிக் கேக்கறேன். மாத்து வீட்டுச் சாவி கைக்கு வந்த பிறகுதான் இடிக்கணும். படிக்கிற பிள்ளைங்க இருக்கிற வீட்டுல பரீட்சை முடியற வரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது. மனை வாங்கறப்ப இது ஏரின்னு அவங்களுக்கு யாரும் சொல்லல சார்.”

“எதிராளிக்கும் நீங்களே வக்கீலா?”

“வேற யாரு வர்றா?”

உறுப்பினர் சிரிக்க நினைத்தார், வரவில்லை. பேனாவை எடுத்து அந்தப் பிரிவை மசோதாவின் ஓரத்தில் எழுதிக்கொண்டார். செய்கிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார்.

வெள்ளிக்கிழமை மாலை அந்த அம்மாள் செய்தி கேட்கலாமென்று வானொலியைத் திருப்பினார். மின்கலம் தீர்ந்திருந்தது. புதிது வாங்கக் கடைக்குக் கிளம்பினார். தெருவில் நின்று பேசிக்கொண்டிருந்த பெண்கள் அவரைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் போனார்கள். கடைக்குப் போகும் எண்ணம் விட்டுப்போய்த் திரும்பி வந்தபோது தொலைபேசி அடித்தது.

“அம்மா, ஜெயிச்சாச்சு!” உறுப்பினரே பேசினார். “ஒரே ஒரு ஓட்டு வித்தியாசம். பன்னிரண்டாவது பிரிவும் சேர்ந்திருச்சு.”

“அந்த ஒரு ஓட்டு உங்களோடது சார்.”

“இல்லம்மா, பத்தொன்பது செவ்வாய்க்கிழமையோடது. வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லுங்க.”

“சொல்லிடறேன் சார்.” அவர் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். நாற்காலிகள் சுவரோரம் வரிசையாக இருந்தன.

“உங்களுக்கு என் கையாலயே ஒரு நன்றிக் கடிதம் எழுதணும். சங்கத்து மனுவுல தபால் பெட்டி நம்பர்தான் இருக்கு. வீட்டு விலாசத்தைச் சொல்லுங்க, எழுதிக்கறேன்.”

“அது உங்க கையிலயே இருக்கு சார்” என்றார் அவர். “இடிக்கிற பட்டியல்ல பதினேழாவது வீடு.”