தேனீ வராத மாடி

மொட்டைமாடியில் வெயில் இன்னும் சூடேறவில்லை. பழைய பிளாஸ்டிக் டிரம்மில் வளர்ந்த பூசணிக்கொடி, கைப்பிடிச் சுவர் நெடுக மஞ்சள் பூக்களை விரித்திருக்கிறது. அடுக்குமாடியின் இந்த உயரத்துக்கு ஒரு தேனீயும் வருவதில்லை. "பூக்குது, உதிருது. காய் மட்டும் பிடிக்க மாட்டேங்குது," என்று அண்ணி தனக்குத்தானே அலுத்துக்கொள்கிறாள். கணவனைப் பிரிந்து பிறந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து வாயே திறக்காத நாத்தனார், ஈரத்துணியைத் துணிக்கொடியில் அப்படியே விட்டுவிட்டு அருகே வருகிறாள். ஓர் ஆண்பூவைக் கிள்ளி, அதன் இதழை மெல்ல உரித்துக் கீழே போடுகிறாள். நடுவில் மகரந்தத் தண்டு மட்டும் நிற்கிறது.

"என்னம்மா, இதழைப் பிச்சுட்டே?"

"அது தேனீயைக் கூப்பிடத்தான் அண்ணி. இங்க எது வருது? நாமதான் கொண்டுபோய்ச் சேர்க்கணும்."

அடியில் பிஞ்சு தாங்கிய பெண்பூ ஒன்றைத் தேடிப் பிடித்து, தண்டை அதன் உள்ளே பதமாகத் தடவுகிறாள். விரல் நுனியெல்லாம் மஞ்சள் தூள். பேசி நாளான குரல் லேசாகக் கரகரக்கிறது. அண்ணி பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொள்கிறாள்.

"எனக்குச் சரியாப் புரியலைம்மா," என்கிறாள். "முதல்லேருந்து சொல்லு."