வெறுங்கால் டாக்டர்

"இது ஆஸ்பத்திரியா, மீன் வைக்கிற ஐஸ் பெட்டியா?" என்றார் கவ்கோ, ஆபரேஷன் மேஜையில் மல்லாந்து கிடந்தபடி.

அவர் இருக்கிற உயரத்துக்குப் போர்வை கணுக்காலோடு நின்றுவிட்டது. கால் இரண்டும் விறைத்துக் கிடந்தன. கம்பளி சாக்ஸ் எடுத்துக்கொள்ளச் சொல்லி மனைவி ராய்யா காலையில் படித்துப் படித்துச் சொன்னாள். "நான் என்ன பிரசவத்துக்கா போறேன்?" என்று கிண்டலடித்துவிட்டு வந்தவர்தான் இவர்.

"இன்னொரு போர்வை சொல்லியிருக்கேன், கவ்கோ" என்றாள் நர்ஸ் எம்மி.

அப்போதுதான் கவ்கோ மூலையில் இருந்த லேடி டாக்டரைப் பார்த்தார். டாக்டர் கிர்சி ஒரு பெரிய பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து செருப்பை உதறினார். சாக்ஸ் காலோடு கீழே இருந்த பெடல்களை அமுக்கிப் பார்த்தார்.

கவ்கோ தம்பெரே நகரத்தில் டவுன் பஸ் ஓட்டுபவர். பெடல் விஷயத்தில் அவருக்குப் பொறுக்காது.

"ஏம்மா, ஷூ இல்லாம நான் வண்டி எடுத்தா அன்னிக்கே சீட்டைக் கிழிச்சிடுவாங்க. இவங்க என்ன, வீட்டுல டி.வி. பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருக்காங்க?"

"ரோபோ ஆபரேஷன் பண்ற டாக்டருங்க நிறைய பேர் அப்படித்தான். ஷூ போட்டா பெடல் சரியாத் தெரியாதாம்."

"அப்ப என் வயித்துல கை வைக்கப் போறது யாரு?"

மேஜைக்கு மேலே கையை மடக்கிக்கொண்டு நின்ற யந்திரத்தைக் காட்டினாள் எம்மி. "கை இதோடது. ஆட்டி வைக்கிறது கிர்சி. நாலே நாலு சின்னத் துளை. பித்தப்பையை எடுத்துட்டு சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிடுவோம்."

"அவ்வளவு தூரத்துல உட்கார்ந்துக்கிட்டா? நான் பஸ்ஸை டிப்போவுல இருந்தே ஓட்டறேன்னு சொன்னா நீ ஏறுவியா?"

எம்மி சிரித்தாள். கவ்கோ சிரிக்கவில்லை. அவருக்கு உண்மையாகவே பயம். இதே பயத்தில்தான் போன தடவை கடைசி நேரத்தில் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அப்புறம் ஒரு நாள், பஸ் நிறைய ஆட்களோடு போகும்போது பித்தப்பைக் கல் தன் வேலையைக் காட்டியது. வண்டியை எப்படியோ ஓரங்கட்டிவிட்டு ஸ்டியரிங் மேலேயே கவிழ்ந்துவிட்டார். கல்லை எடுக்கிற வரை பஸ்ஸைத் தொடக்கூடாது என்று உத்தரவு. பஸ் இல்லாமல் அவருக்குப் பொழுது விடியாது. மனதைக் கல்லாக்கிக்கொண்டு வந்தால், இங்கே இப்படி!

"எனக்கு ஆபரேஷனும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நான் எழுந்து போறேன்" என்று முழங்கையை ஊன்றினார்.

மூலையிலிருந்து கிர்சி திரும்பி, அவரை ஒரு பார்வை பார்த்தார். குனிந்து சாக்ஸையும் கழற்றினார்.

வெறுங்கால்!

'அடிப்பாவி, இது வேறயா' என்று அவர் நினைத்து முடிப்பதற்குள், ஏற்கெனவே ஏறிக்கொண்டிருந்த மயக்க மருந்து அவரைச் சாய்த்துவிட்டது.

கண் விழித்தபோது ராய்யா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"உயிரோடதான் இருக்கேனா?"

"இருக்கே, இருக்கே. பித்தப்பை போச்சு. வாய் மட்டும் அப்படியே இருக்கு."

கவ்கோ மெல்ல வயிற்றைத் தடவிப் பார்த்தார். நாலு சின்ன பிளாஸ்திரி, அவ்வளவுதான். அந்தப் பழைய வலி இருந்த இடமே தெரியவில்லை. அப்பாடா என்று வந்த பெருமூச்சில் கண் கலங்கிவிட்டது. மனைவி பார்த்துவிடப் போகிறாளே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஜூஸோடு வந்த எம்மியிடம் முதல் கேள்வியைப் போட்டார்.

"சவுனாவுல நீராவிக் குளியலுக்கு எப்பப் போகலாம்?"

"காயம் ஆறட்டும், கவ்கோ."

"பஸ்?"

"கிர்சி சொல்வாங்க. ரொம்ப நல்லபடியா முடிஞ்சிருக்கு."

கிர்சி பெயரைக் கேட்டதும் அவருக்குப் பழைய கோபம் நினைவு வந்தது. பயம் போனதும் வீரம் வந்துவிட்டது.

"நல்லா முடிஞ்சது என் அதிர்ஷ்டம். ராய்யா, அந்தம்மா செருப்பைக் கழட்டினாங்க, போனாப் போகுதுன்னு விட்டேன். அப்புறம் என் கண் முன்னாடியே சாக்ஸையும் கழட்டிட்டு, கடற்கரையில உட்கார்ற மாதிரி வெறுங்காலோட உட்கார்றாங்க! மனுஷன் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டுக் கிடக்கிறான்னு ஒரு மரியாதை வேண்டாம்? எம்மி, உங்க தலைமை டாக்டரைக் கூப்பிடு. நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டுத்தான் போவேன்."

ராய்யா அவர் பேச்சைக் கேட்கவே இல்லை. போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவர் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது ஏது சாக்ஸ்?"

"நீதானே எனக்குத் தெரியாம பையில வெச்சே? சும்மா சொல்லக்கூடாது, கால் கதகதன்னு இருக்கு."

"நான் எங்கே வெச்சேன்? உன்னோடது இன்னும் சவுனா பெஞ்சுலதான் கிடக்கு." குனிந்து குதிகாலைத் தடவிப் பார்த்தாள். "இது என் பின்னலே இல்லை. நான் குதிகால் பக்கம் இப்படித் திருப்பிப் பின்னவே மாட்டேன். உண்மையைச் சொல்லு, எவ பின்னினது?"

கவ்கோ தலையைத் தூக்கித் தன் காலை உற்றுப் பார்த்தார்.

எம்மி ஜூஸ் டம்ளரை வைத்தாள்.

"தலைமை டாக்டரைக் கூட்டிட்டு வரேன், கவ்கோ. அதுக்கு முன்னாடி அந்த சாக்ஸைக் கழட்டிக் கொடுங்க. உங்க கால் விறைக்குதேன்னு தன்னோடதை உங்களுக்குப் போட்டுவிடச் சொல்லிட்டு, கிர்சி அடுத்த ஆபரேஷனுக்கும் வெறுங்காலோடதான் போய் உட்கார்ந்திருக்காங்க. பெடல் எவ்வளவு சில்லுன்னு இருக்கும்னு உங்களுக்குத் தெரியாததா?"