சிஞ்ஞோராவின் பெரிய மனசு

"பெரிய மனசாம், பெரிய மனசு. ஆருக்குக் கதை விடுறாய்?"

குணரத்தினம் இப்படித்தான் தொடங்கினார். ஞாயிறு பூசை முடிந்து, இத்தாலியில், பல்லரோச் சந்தையில் இருக்கும் அவருடைய கடைக்குக் கருவாடும் கறிவேப்பிலையும் வாங்க வந்த சனம் காதைத் தீட்டிக்கொண்டது.

அமலினி சொன்னது இவ்வளவுதான். பக்கத்துக் கால்சாப் பகுதியில் அவள் அறை துப்புரவாக்கும் சின்ன ஹோட்டலின் முதலாளியம்மா, எல்லாரும் சிஞ்ஞோரா என்று கூப்பிடும் இத்தாலியக்காரி, இந்த மாதத்திலிருந்து அமலினியின் மகனைச் சிஸ்டர்மார் நடத்தும் பிள்ளைகள் காப்பகத்தில் சேர்த்துவிட்டு, மாதம் இரண்டு லட்சம் லீராவைத் தானே கட்டுகிறாள்.

"இனி விடியக்காலமை பிள்ளையை ஆரிட்டை விடுறது எண்டு அந்தரப்படத் தேவையில்லை, அண்ணை. மாதா தந்த சிஞ்ஞோரா."

"மாதாவை ஏன் இதுக்குள்ளை இழுக்கிறாய்? அந்தக் காசைச் சிஞ்ஞோரா ஹோட்டல் செலவு எண்டு காட்டுவா. அவ கட்டுற வரி குறையும். பேப்பரிலை கிடந்தது, நானே வாசிச்சனான். ரசீது கேட்டவவோ இல்லையோ?"

"ஓம், கேட்டவதான்."

"பாத்தியே. சரியான வரிக்கள்ளி."

அமலினியின் முகம் சுருங்கிவிட்டது. ஒருத்தி சிரித்த முகத்தோடு கடையை விட்டுப் போனால் இந்த மனுசனுக்குச் சோறு செமிக்காது.

உள்ளே பருப்பு நிறுத்துக்கொண்டிருந்த ரதி எட்டிப் பார்த்தாள். இரண்டு வருசமாக இந்தக் கடையில் காலை எட்டு மணியிலிருந்து இரவு எட்டு மணி வரை நிற்பவள் அவள்தான். அவளுடைய ஒன்றரை வயது ஜூலி அரிசி மூட்டைகளுக்கு நடுவே ஒரு வாழைப்பழப் பெட்டிக்குள் இருந்தாள். போன கிழமை தேங்காய்ப்பால் டின் ஒன்று மேலேயிருந்து விழுந்து வீங்கிய நெற்றி இன்னும் வற்றவில்லை.

"அண்ணை, அது வரியிலை கழியுமெண்டால் எங்கடை ஜூலியையும் அங்கை விடலாம்தானே? அடுத்தமுறை டின் கண்ணிலை விழுந்தால் நான் என்ன செய்யிறது?"

எல்லாரும் குணரத்தினத்தைப் பார்த்தார்கள்.

இவ்வளவு சனத்துக்கு முன்னால் இல்லையென்று சொல்லுகிற ஆளா அவர்? அதோடு வரியும் குறையும். முகம் மலர்ந்துவிட்டது.

"ஏன் விடேலாது? அடுத்த கிழமையே விடுவம். எங்களுக்கும் மனசு இருக்கெண்டு அந்த வரிக்கள்ளிக்குக் காட்டுவம்."

வரிசையில் நின்ற மரியமலர் கைதட்டினாள். ரதிக்குக் கண் கலங்கிவிட்டது.

கையோடு கையாகக் குணரத்தினம் ஞாயிற்றுக்கிழமையும் பாராமல் தன்னுடைய கணக்காளரின் வீட்டுக்கு டெலிபோன் எடுத்தார். தலையை ஆட்டி ஆட்டி இத்தாலியனில் கதைத்தவர், பாதியில் தலையாட்டுவதை நிறுத்தினார். பிறகு கதைக்கவும் இல்லை, கேட்டுக்கொண்டே நின்றார்.

"என்னவாம், அண்ணை?" மரியமலர்தான் கேட்டாள்.

"கழிக்கலாமாம். ஆனால்…" குரல் இறங்கிவிட்டது. "பதிஞ்சு வேலை செய்யிற ஆக்களின்ரை பிள்ளையளுக்குத்தானாம். ரதியை நான் இன்னும் பதியேல்லை. பதிஞ்சால் அவளுக்கெண்டு மாசாமாசம் அரசாங்கத்துக்குக் கட்டவேணும். கடை தாங்காது, பிள்ளை."

"அப்ப இந்த ரெண்டு வருசமும்?" என்றாள் அமலினி.

"ரதி எங்கடை வீட்டுப் பிள்ளை மாதிரியெல்லே. வீட்டுப் பிள்ளையை ஆரும் பதியிறவையே?"

ரதி தராசை ஒருபக்கம் வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள். பெட்டிக்குள் இருந்த ஜூலியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"அமலினியக்கா, உங்கடை அந்த வரிக்கள்ளியிட்டை இன்னுமொரு ஆளுக்கு வேலை இருக்குமோ?"