வேனில் ஆறு பேர்

மகளைப் பறிகொடுத்து முழுசாக இரண்டு மாதம் ஆகவில்லை. தையல்காரர் வீட்டு முன்னறையிலிருந்து தெருமுனை வரை சிரிப்புச் சத்தம்.

மகனைத் தேடி வந்து வாசலில் நின்றவளுக்கு உடம்பு கூசியது. உள்ளே சிரிக்க வைத்துக்கொண்டிருந்தது அவள் பெற்ற பிள்ளை.

"போதகர் ஜெபம் எவ்வளவு நீளம்னு உங்களுக்கே தெரியுமே பெரியப்பா! மிருகம் பார்க்கப் போன வேன்ல நாங்க ஆறு பேர். மடியில சாப்பாட்டுப் பொட்டலம். எல்லாரும் கண்ணை மூடியாச்சு. அவர் ஆதாம் ஏவாள்ல ஆரம்பிச்சு ஆபிரகாமைத் தாண்டுறதுக்குள்ள, மேல்கூரைத் திறப்பு வழியா இறங்கிடுச்சு ஒரு குரங்கு. நாய் மூஞ்சி, கன்னுக்குட்டி உசரம்!"

"அப்புறம்?" என்றாள் தையல்காரர் மனைவி.

"ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தா எல்லார் மடியும் காலி. போதகர் பக்கத்துல, அவரை மாதிரியே கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கு. இது நம்ம சபை ஆளா, வெளியாளான்னு அவருக்கே ஒரு நிமிஷம் புரியல!"

"நம்ம பாப்பா?" என்று தன் மகளைப் பற்றிக் கேட்டாள் அவள்.

"அவ ஒருத்திதான் கண்ணையே மூடலை. எல்லாத்தையும் பார்த்துட்டு எங்ககிட்ட மூச்சு விடலை, கள்ளி! சிரிச்சுச் சிரிச்சு விக்கல் எடுத்து, ரூமுக்குத் திரும்புற வரைக்கும் விக்கிக்கிட்டே வந்தா."

தையல்காரர் மெஷின் மேல் கவிழ்ந்து குலுங்கினார்.

ஊழியத்துக்கென்று சபையிலிருந்து வெளிதேசம் போனவர்கள் ஆறு பேர். இவள் மகன் எலக்ட்ரீஷியன். அங்கே ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு வயரிங் செய்யப் போனான். தையல்காரர் மகள் நர்ஸ். வேலை எல்லாம் முடிந்து, கடைசி நாள் காட்டு மிருகம் பார்க்கப் போனார்கள். அன்று சாயங்காலம் அவளுக்குக் காய்ச்சல் கண்டது, விடியுமுன் போய்விட்டாள். சபைக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"ஊழியத்துக்கு அனுப்பினோமா, சர்க்கஸ் பார்க்க அனுப்பினோமா?" என்று ஆலயப் படிக்கட்டில் பெண்கள் ஜாடை பேசுவது இவள் காதில் விழாமல் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"வெட்கமா இல்லையாடா உனக்கு? இங்க ஒரு வார்த்தை பேசப் பஞ்சம். தட்டுல வெச்சது வெச்சபடி கிடக்கு. அங்க போய் வாராவாரம் கூத்தடிக்கிறே. சாவு விழுந்த வீடுடா அது!"

அவன் தட்டைத் தள்ளி வைத்தான்.

"அவ வேன்ல இல்லம்மா."

"என்னடா சொல்றே?"

"காலையிலேயே உடம்பு கொதிச்சுது. தூங்கினா சரியாயிடும், நீங்க போங்கன்னா. டிக்கெட் வீணாப் போயிடுமேன்னு நாங்க அஞ்சு பேரும் கிளம்பிட்டோம். சாயங்காலம் வந்து கதவைத் தட்டுறோம், தட்டுறோம்... உள்ளே நினைவில்லாமக் கிடந்தா. தனியா விட்டுட்டுப் போனோம்னு வெளியே யாருமே வாய் திறக்கலை."

"அந்தக் கதை?"

"நான் முதல் நாள் அங்க போனப்போ பெரியம்மா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. 'கடைசியா சந்தோஷமா இருந்தாளாப்பா?' வாயில இதுதான் வந்துச்சு. இப்போ போறப்பல்லாம் அதையே சொல்லச் சொல்றாங்க."

பொய் என்றால் பாம்பைக் கண்ட மாதிரி ஒதுங்குகிறவள் இவள். இரண்டு நாள் முழங்காலில் நின்று பார்த்தாள். ஜெபம் மேலே போகவில்லை. சொல்லிவிட்டால் அந்தத் தாய்க்கு மிச்சமிருக்கிற ஒரு சிரிப்பும் போய்விடும். சொல்லாவிட்டால் பிள்ளையின் பொய்க்குத் தானும் உடந்தை.

மூன்றாம் நாள், கிழிந்த தலையணை உறை இரண்டைச் சாக்காக எடுத்துக்கொண்டு போனாள். தையல்காரர் மனைவி தனியாக உட்கார்ந்து பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். கேட்டுட்டு, வெளியே போன்னு சொன்னாலும் போயிடறேன்."

"உட்காரு முதல்ல."

"என் மகன் சொல்ற அந்தக் கதையில... பாப்பா அந்த வேன்ல..."

"இல்ல."

நிமிராமலே சொன்னாள்.

"அன்னிக்கு மத்தியானம் பாப்பா போன் பண்ணினா. எடுத்ததே அவங்க அப்பாதான். 'எல்லாரும் மிருகம் பார்க்கப் போயிருக்காங்க, தண்ணி எடுத்துக் குடுக்கக்கூட ஆளில்ல'ன்னா. 'தூங்கும்மா, சரியாயிடும்'னுதான் நாங்களும் சொன்னோம்."



"தெரிஞ்சுமா அவனை வீட்டுக்குள்ள விடறீங்க? நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருக்க வேண்டாமா அக்கா?"

"கேட்கத்தான் காத்திருந்தேன். சந்தோஷமா இருந்தாளான்னு வேணும்னேதான் கேட்டேன். என்ன சொல்றான் பார்ப்போம், முகத்துல காறித் துப்பிடலாம்னு."

நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"சொல்லிக்கிட்டே இருக்கான், முன்னாடி வெச்ச தட்டைத் தொடவே இல்ல. அடுத்த வாரம் வந்தான், சட்டை தொளதொளன்னு. அதுக்கடுத்த வாரம் இன்னும் தொளதொளன்னு. அளவெடுத்துப் பிழைக்கிற வீடு, கண்ணுக்குத் தெரியாதா? நானும் அவரும் சிரிச்சாத்தான், நான் போட்டு வெக்கிற ரெண்டு வாய் சோத்துல கையை வெக்கிறான்."

இவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என் பிள்ளையைத்தான் எல்லாரும் தனியா விட்டுட்டுப் போயிட்டாங்க. உன் பிள்ளையையும் நான் அப்படி விட்டுடணுமா, சொல்லு?"