ஆடும் பல்லின் சாட்சியம்

"பல் ஆடுது புஷ்பம்" என்று சொல்லிச் சொல்லியே, மனைவி சுட்ட முறுக்கை வேலாயுதம் ஒரு வருஷமாகத் தொடவில்லை. அவளும் பாவப்பட்டு இடியாப்பத்தைப் பாலில் ஊறவைத்துக் கொடுத்துவந்தாள்.

போன மாதம் டாக்டர் அந்தப் பல்லில் ஒட்டிய கடுகளவு உணர்கருவிப் பொட்டு, பல் எப்போது ஆடியது, எதைக் கடித்து ஆடியது என்று இன்று அவர் அறைத் திரையில் ஒன்றுவிடாமல் ஒப்பித்தது.

"வாரம் முழுக்கப் பல் அசையவே இல்லைம்மா. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் முறுக்கு. அதுவும் நல்ல கெட்டி முறுக்கு" என்று புஷ்பத்திடம் படித்துக் காட்டினார் டாக்டர்.

வெள்ளிக்கிழமைதோறும் அவர் எண்ணெய் வாங்கப் போவது செல்வராணி கடைக்கு. புஷ்பம் கணவர் பக்கம் திரும்பி முறைத்தாள்.

"அவதான் நீட்டினா. மரியாதைக்கு ஒண்ணு கடிச்சேன்" என்று முனகினார் வேலாயுதம்.

"பயப்படாதீங்க, பல்லைக் காப்பாத்திடலாம்" என்றார் டாக்டர்.

"வேணாம் டாக்டர், பிடுங்கிடுங்க" என்றாள் புஷ்பம். "கொசுறா பக்கத்துப் பல்லையும்."